பார்மின் சித்தப்பாவும் ஒரு பிள்ளைக்கு ஒரு பல்லும்

க்ளாத்தேன்,
வெள்ளிக்கிழமை.

பேரன்புமிக்க அண்ணன் வர்சித்தோ அவர்களுக்கு,

தம்பி பார்மின் பணிவோடு சலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் ஆடும் கோழிகளும் சுகம். கலிமந்தான் தோட்டத்தில் நீங்களும் உங்கள் முட்டிவலியும் சுகமா?

கர்ப்பிணி மகள் ரத்னிங்சியை என் பொறுப்பில் விட்டுப் போனீர்களே, அதைவிடப் புத்திசாலித்தனமான காரியம் நீங்கள் செய்ததில்லை. ஐந்தாம் மாதம் பல் தேய்க்கும்போது அவள் ஈறு வீங்கி ரத்தம் வந்தது. தெருவே கதிகலங்கியது, நான் அசையவில்லை. ஆறாம் வகுப்புவரை போனவன் அல்லவா? பிள்ளை தன் எலும்புக்கு அம்மா பல்லிலிருந்துதான் சுண்ணாம்பு எடுக்கும், பிள்ளைக்கு ஒரு பல் போகும், அதனால் தேய்ப்பதை நிறுத்து, பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தால் பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டே பிறக்கும் என்று விளக்கினேன். எல்லோரும் வாய் பிளந்து கேட்டார்கள், மருத்துவச்சி எந்தாங் தவிர. அவளுக்கு என் படிப்பின்மேல் பொறாமை. பத்துப் பெண்கள் முன்னால் கேட்டாள்:

"பார்மின் அண்ணே, ஒங்க வாயில எத்தன பல்லு மிச்சம்?"

ஒன்பது என்றேன், கம்பீரமாக.

"அப்ப இருபத்து மூணு பெத்திருக்கீங்க. ஈறு வீக்கத்த அப்படியே விட்டா புள்ள நாளுக்கு முன்னாடியே பொறந்துரலாம். ரத்தம் வந்தாலும் மெத்துன்னு இருக்கற பிரஷ்ல ரெண்டு வேள தேய்க்கணும். வாந்தி எடுத்தா மொதல்ல தண்ணியில கொப்பளிக்கணும். டாக்டர்கிட்ட விடுங்க அவள."

நான் விடுவேனா? வீட்டுக் கதவருகிலேயே காவல் உட்கார்ந்தேன்.

பிறகு ஏழாம் மாதச் சடங்கு, நம் ஊர் வழக்கப்படி. ரத்னிங்சி தேங்காய்ப்பால் பானம் விற்க, உங்கள் மருமகன் குடை பிடிக்க, வந்தவர்கள் உடைந்த ஓட்டுத்துண்டைக் காசாகக் கொடுத்து வாங்கிக் குடித்தார்கள். எனக்கு மட்டும் அவளே தனிக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தாள். மரியாதை தெரிந்த பெண். ஒரு வாய் குடித்து, மிதந்த மாவுத்துண்டைக் கடித்தேன். உள்ளே ஓட்டுத்துண்டு. கடைவாய்ப்பல் இரண்டாகப் பிளந்தது. நான் அலறவில்லை, அலறியது ஆடு.

அந்த நிமிடமே ரத்னிங்சியை ரிக்‌ஷாவில் ஏற்றிப் பல் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன், ஊர் வாயை அடைக்க. டாக்டரம்மா அவளைப் பார்த்ததும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். என் அண்ணன் மகளைத் தெரியாதவர் உண்டா? பயத்தில் மயங்கியவளைக் கையைப் பிடித்துத் தேற்றினேன். ஈறு ஜோராக இருக்கிறதாம், வீக்கமே இல்லையாம். எல்லாம் என் வைத்தியம். போன இடத்தில் என் பல்லையும் பிடுங்கிக் கொடுத்தார், அது சின்ன விஷயம்.

உங்கள் பேரப்பிள்ளை நாள் நிறைந்து, வாயை மூடிக்கொண்டு பிறக்கட்டும்.

இப்படிக்கு,
பார்மின்

பின்குறிப்பு: உறை ஒட்டத் தந்த கடிதத்தை ரத்னிங்சி படித்துவிட்டாள். உண்மையை எழுதாவிட்டால் அவளே எழுதுவாளாம். மயங்கியது நான். கையைப் பிடித்திருந்தது அவள். ஐந்தாம் மாதமே நான் கதவருகே தூங்கியபோது, கொல்லைப்புறமாக எந்தாங்கோடு போய் ஈறைச் சுத்தம் செய்துகொண்டு வந்துவிட்டாளாம். தினமும் இரண்டு வேளை தேய்த்தும் இருக்கிறாள். அப்படியென்றால் என் கோப்பையில் ஓட்டைப் போட்டது எதற்கு என்று கேட்டேன்.

"ஒரு வருசமா அந்தச் சொத்தப் பல்லோட மொனகுறீங்க. டாக்டர்கிட்ட வாங்கன்னா வருவீங்களா, சித்தப்பா?"

இப்போது எட்டு இருக்கிறது. அடுத்த பிள்ளைக்கு நீங்களே வந்து காவல் இருங்கள்.