பிரிஜாவின் புழு குண்டு, என் புழு ஒல்லி

இரணியல்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்தபின்.

கர்த்தருக்குள் அன்பான அஜிதா அக்காவுக்குத் தங்கை பூங்கனி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரர் ஷாஜனும் சுகம். தோஹாவில் நீயும் அத்தானும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். போனில் சொன்னால் நீ ஸ்பீக்கரில் போடுவாய், அத்தான் காதில் விழும். விஷயம் அவருடைய தங்கச்சி பிரிஜாவைப் பற்றியது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உன் நாத்தனார் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரியாக வாய்த்தது என் தலையெழுத்து. போன அறுப்புப் பண்டிகையில் அவள் கொண்டுவந்த பூசணிக்காயைச் சபையே சுற்றிநின்று பார்த்தது. என் பாவற்காயை ஒருவர் மிதித்துவிட்டுப் போனார். என்ன உரம் என்று கேட்டால், "அடுக்களைக் கழிவ மண்புழுவுக்குப் போடுதேன்" என்று சொல்லி, கேட்காமலே ஒரு கைப்பிடி புழுவும் தந்தாள். வீட்டில் வந்து பார்த்தால் எல்லாம் நூல்மாதிரி ஒல்லி. குண்டுப் புழுவையெல்லாம் தனக்கு வைத்துக்கொண்டாள் அக்கா!

விடுவேனா? என் புழுவும் கொழுக்கட்டும் என்று அன்னாசித் தோல், பழைய சோறு, மிஞ்சின கேக் எல்லாம் அள்ளிப் புழு விட்டிருந்த பெட்டியில் போட்டேன். தாகமெடுக்குமே என்று தண்ணீரும் ஊற்றினேன். பிறகொரு நாள் மூடியைத் திறந்தால், ரவை சிந்தினதுபோலப் பொடிப்பொடி உண்ணிகள் ஊர்கின்றன. புளித்த நாற்றம். புழுக்கள் தப்பியோட மூடிவரை ஏறி நிற்கின்றன. ஷாஜன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "தென்னை மூட்டுல கொண்டு தட்டுட்டி" என்கிறார். தென்னை அடியில் கொட்டினால் பிரிஜா பார்ப்பாளே! உண்ணியை அவள்தான் புழுவோடு சேர்த்துத் தந்திருப்பாள் என்று தோன்றியது. தோன்றினபின் சும்மா இருக்க முடியுமா, அவள் துணி துவைக்கிற நேரம் பார்த்துப் பின்பக்கமாய் நுழைந்து அவள் பெட்டியைத் திறந்தேன். ஒரு உண்ணி இல்லை அக்கா. புதுமழை பெய்த மண்ணின் வாசம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏட்டி, எனக்க பெட்டியில என்னத்தத் தேடுதே?"

பின்னால் நிற்கிறாள்.

"ஒனக்க புழுவுக்குச் சொகமான்னு பாத்தேன்" என்றேன். வேறென்ன சொல்ல?

நேரே என் வீட்டுக்கு வந்தாள். பெட்டியைப் பார்த்ததும், "நீ புழுவுக்குத் தீனி போட்டியா, கல்யாணப் பந்தி வச்சியா?" என்றாள். ஈரமும் புளிப்பும் கூடினால் உண்ணி பெருகுமாம். அழுகினதையெல்லாம் அள்ளி வெளியே போட்டாள். நனைத்த ரொட்டித் துண்டை மேலே வைத்து, உண்ணி மொய்த்ததும் எடுத்தெறியச் சொன்னாள். கிழித்த காகிதமும் முட்டைத்தோட்டுப் பொடியும் போட்டுக் கிளறி, "போட்டது தீந்தப்பெறவு அடுத்தது போடு" என்று சொல்லிப் போனாள். கொஞ்ச நாளில் எல்லாம் சரியாகிவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் சொன்னது பலிக்காமல் போயிருந்தால் ஒரு ஆறுதலாவது இருந்திருக்கும். ஊரில் எல்லாரிடமும் நானே யோசித்துச் செய்ததாகத்தான் சொல்லிவருகிறேன். நீயும் அப்படியே சொல். இனி அவள் முகத்தில் விழிப்பதில்லை.

அத்தானுக்கு என் ஸ்தோத்திரம். கர்த்தருடைய கரம் உங்கள் இருவர்மேலும் இருப்பதாக.

அன்புத் தங்கை,
பூங்கனி

பி.கு.: உறையை ஒட்டப்போகையில் பிரிஜா அழுதுகொண்டே வந்தாள். என் புடலங்கொடி தன்னுடையதைவிடப் பச்சையாயிருக்கிறதென்று, யாருக்கும் தெரியாமல் ஒரு முழுப் பலாப்பழத்தைத் தன் பெட்டியில் இறக்கியிருக்கிறாள். உள்ளே ஒரே உண்ணி. "பொறாமையில செஞ்சுட்டேன்டி" என்கிறாள், என்னிடம்! சீ, பொறாமையெல்லாம் மனுஷிக்கு ஆகுமா என்று புத்தி சொல்லிவிட்டு, காகிதம் கிழித்துக் கொடுக்கப் போகிறேன். வீட்டில் பழைய பேப்பர் தீர்ந்துபோனதால் இந்தக் கடிதத்தையே கிழிக்கலாமென்று பார்த்தேன். துண்டுகளைச் சேர்த்துவைத்து வாசித்துவிடுவாள். ஆகவே உனக்கே அனுப்புகிறேன். வாசிக்காமல் கிழித்துப்போடு.