மைலேஜ் டப்பா

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எதையும் சும்மா விட முடியாத வியாதி எனக்கு உண்டு. தலை தீபாவளிக்கு விருதுநகரில் மாமனார் வீட்டுக்குப் போனபோது, ‘கொஞ்சம் சத்தமா இருக்கே’ என்று மிக்ஸியைக் கழற்றினேன். அதற்குப் பிறகு அது சத்தமே போடவில்லை. (அன்றைக்குச் சட்னியும் இல்லை.) அப்போதே அவர்கள் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் மாமனார் பெருந்தன்மையான மனிதர். இரண்டாயிரத்து ஏழில் புது டீசல் கார் வாங்கியதும் சாவியை என்னிடம்தான் கொடுத்தார்.

அவருக்குப் பருப்பு மண்டி. கார் ஓட்டத் தெரியாது. நான் சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சடிக்கும் சிறிய அச்சகம் வைத்திருந்தேன். வாரத்தில் இரண்டு நாள் அவரை எங்காவது கூட்டிப் போவேன். மற்ற நாட்களில் வண்டி என்னிடம் இருக்கும். ஒரு மருமகனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

எனக்கு வேகம் வேண்டியிருந்தது. மதுரை ரோட்டில் ஒருநாள் ஒரு கல்யாண வேன் என்னை முந்திக்கொண்டு போனது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் வாழைப்பழம் சாப்பிட்டபடியே என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அந்தப் பார்வை என்னை நேராக மதுரையில் கார் சாமான் விற்கும் ஒரு கடையில் கொண்டுபோய் விட்டது.

கடைக்காரர் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு கருப்புப் பெட்டியைக் காட்டினார். கம்பெனிக்காரர்கள் இன்ஜினின் கையைக் காலைக் கட்டித்தான் அனுப்புகிறார்களாம். இந்தப் பெட்டியை இரண்டு ஒயர்களுக்கு நடுவில் மாட்டினால் கட்டு அவிழ்ந்துவிடுமாம். வாரண்டி போய்விடாதா என்று கேட்டேன். (கேட்டேன் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.) சர்வீஸுக்கு விடும்போது கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள், இரண்டு நிமிஷ வேலை, கடவுளுக்கே தெரியாது என்றார். கடவுளைப் பற்றி அவர் சொன்னது சரிதான். மாமனாரைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

மாமாவிடம் வேகத்துக்காக என்று சொன்னால் நடக்காது. சாக்கில் சிந்திய துவரையைப் பொறுக்கி எடுக்கிறவர். அதனால், ‘மாமா, இது மைலேஜ் டப்பா. டீசல் மிச்சமாகும்’ என்றேன். அவர் முகம் மலர்ந்தது. மண்டிக்கு வருகிற வியாபாரிகளுக்கெல்லாம் பானெட்டைத் திறக்கச் சொல்லி, மாப்பிள்ளை மாட்டிய டப்பாவைக் காட்டினார். நானும் பக்கத்தில் நின்று விஞ்ஞானி மாதிரி தலையாட்டினேன்.

மூன்று மாதம் வண்டி பறந்தது. பின்னால் கரும்புகை கொஞ்சம் வந்தது. அதை வேகத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டேன்.

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த சமயம். ஆனைக்குட்டம் பக்கத்தில் ஒரு பட்டாசு ஆலையில் லேபிள் சாம்பிள் காட்டப் போனேன். மாமாவும் கூட வந்தார். முன்னால் லோடு ஏற்றிய ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. ‘இப்பப் பாருங்க மாமா’ என்று ஆக்சிலேட்டரை மிதித்தேன். லாரியைத் தாண்டினோம். அதோடு சரி. டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது, விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, பானெட் இடுக்கிலிருந்து புகை கிளம்பியது. வண்டி கடைசி மூச்சை இழுத்துக்கொண்டு போய் நின்ற இடம் அந்த ஆலையின் வாசல்.

பட்டாசு ஆலை வாசலில் சட்டைப் பையில் தீப்பெட்டி இருந்தாலே வாட்ச்மேன் உள்ளே விடமாட்டார். நான் புகையோடு வந்து நிற்கிறேன். உள்ளே மணி அடித்தது. ஷெட்டுகளிலிருந்து பெண்கள் வரிசையாக வெளியேறி, பழக்கப்பட்டவர்களாக வெட்டவெளியில் போய் நின்றார்கள். போர்மேன் இரண்டு வாளி மணலோடு ஓடிவந்தார். பானெட்டைத் திறக்கச் சொல்லி, எனக்குப் பேச அவகாசம் கொடுக்காமல், இரண்டு வாளியையும் புது இன்ஜின் மேல் கவிழ்த்தார்.

“வண்டியை மொதல்ல அங்கிட்டுத் தள்ளுங்க அண்ணாச்சி. உள்ள மருந்து காயுது.”

சொல்லிக்கொண்டே அவர் அடுத்த வாளி மணலுக்கு ஓடினார். எண்பது பேர் வேலை செய்கிற இடம். ஒரு கல்யாண வேனை முந்துவதற்காக நான் கிளப்பிய புகை அவர்கள் எல்லோரையும் வெளியே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

நான் உள்ளே ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். எட்டுப் பெண்கள் பின்னால் நின்று தள்ளினார்கள். வண்டி அசையவில்லை. மறுபடியும் தள்ளினார்கள். அசையவில்லை. டர்போ, ஹார்ஸ்பவர் என்று மூன்று மாதமாகப் பேசிக்கொண்டு திரிந்தவன் நான். கை முழுக்க வெள்ளி நிற மருந்து ஒட்டியிருந்த ஒரு அக்கா ஜன்னலில் எட்டிப் பார்த்து, மெதுவாகச் சொன்னார்:

“கியர்ல கிடக்கா, பாருங்க.”

கியரில்தான் கிடந்தது.

ஒருவழியாக வண்டியைக் கட்டி இழுத்து விருதுநகர் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்தோம். மாமா குளிக்கப் போன நேரத்தில், கடைக்காரர் சொன்ன இரண்டு நிமிஷ வேலையைச் செய்தேன். டப்பாவைக் கழற்றி, பேப்பரில் சுற்றி, பரணில் புளிப்பானைக்குப் பின்னால் ஒளித்தேன். ஒயர்களைப் பழையபடி மாட்டினேன். மணலைக்கூடத் துடைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் எந்த வேலையையும் செய்ததில்லை.

மறுநாள் மதுரையில், கம்பெனியின் சர்வீஸ் சென்டர். மேனேஜர் இளைஞர், மரியாதையானவர். வாரண்டிக்கான படிவத்தை நீட்டினார். ‘வெளியில் வாங்கிய கருவி எதுவும் இன்ஜினில் பொருத்தப்பட்டதா? ஆம் / இல்லை.’ நான் ‘இல்லை’யை வட்டமிட்டேன். போதாதென்று அடிக்கோடும் போட்டேன். வாய்மொழியாகவும், இந்த வண்டியில் ஒரு நட்டைக்கூட யாரும் தொட்டதில்லை என்று உறுதி கூறினேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா, மடியிலிருந்த மஞ்சள் பையை அவிழ்த்தார்.

“தம்பி, இதையும் ஒரு பார்வை பாத்துருங்க. மாப்ள அவசரத்துல வீட்லயே வச்சிட்டு வந்துட்டாக. மைலேஜ் டப்பா.”

மேஜை மேல் அதை வைத்தார். பேப்பரைக்கூடப் பிரித்து, அழகாக மடித்து, பைக்குள் போட்டுக்கொண்டார்.

மேனேஜர் டப்பாவைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். என் அடிக்கோட்டைச் சற்று அதிக நேரம் பார்த்தார். நான் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தேன். அதையும் கழற்றினால் என்ன என்று அந்த நிலையிலும் ஒரு யோசனை ஓடியது.

பிறகு அவர் மாமாவுக்குப் பொறுமையாக விளக்கினார். இது மைலேஜ் டப்பா இல்லை. வண்டியின் கம்ப்யூட்டரிடம் டீசல் அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று பொய் சொல்கிற டப்பா. அதை நம்பி கம்ப்யூட்டர் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். பம்பு, இன்ஜெக்டர், டர்போ எல்லாம் தாங்காமல் போகும். டப்பாவைக் கழற்றினாலும், அழுத்தம் தாறுமாறாகப் போனதைக் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும். எப்படியும் கண்டுபிடித்திருப்போம் என்றார்.

“அப்ப வாரண்டி மொத்தமும் போச்சா?” என்றார் மாமா.

மொத்தமும் போகாதாம். டப்பாவால் கெட்டது எதுவோ, அதற்கு மட்டும்தான் கம்பெனி பொறுப்பில்லை. ஏசி, விளக்கு, ஜன்னல் கண்ணாடி மோட்டார் எல்லாவற்றுக்கும் வாரண்டி அப்படியே இருக்கிறது.

மாமா மஞ்சள் பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். “அப்ப ரோட்டோரமா நிறுத்தி, கண்ணாடியை ஏத்தி எறக்கிக்கிட்டு உக்காந்திருக்கலாங்கிறீக.”

மேனேஜர் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து போய்விட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் வந்தோம். ஆமத்தூர்க்காரர் ஒருவர் மாமாவைப் பார்த்து, கார் என்னாச்சு என்று விசாரித்தார். என்ன சொல்லப்போகிறாரோ என்று காதைத் தீட்டினேன். “சர்வீஸ்ல இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு, எனக்கு ஒரு வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

ரிப்பேருக்கு என் அச்சகத்தின் அந்த வருஷத்துச் சீசன் வருமானம் முழுசாகப் போனது. அடுத்த வாரம் ஆலைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். போர்மேன் ஏற்றுக்கொண்டார். லேபிளையும் என்னிடமே அடித்துக்கொண்டார்கள். ஆனால் வண்டியைத் தூரத்திலேயே விட்டுவிட்டு, கேட்டுக்கு நடந்துதான் வரவேண்டும் என்று நிபந்தனை.

பல வருஷம் கழித்து, துணிச்சலை வரவழைத்துக்கொண்டு மாமாவிடம் கேட்டேன், அன்றைக்கு நான் டப்பாவை ஒளித்தது தெரிந்துதான் கொண்டு வந்தாரா என்று. அவர் வெற்றிலையை மென்றபடியே, “மறந்து வச்ச பொருளை யாரும் புளிப்பானைக்குப் பின்னால வைக்க மாட்டாக மாப்ள” என்றார்.

வீட்டில் எல்லோருக்கும் இந்தக் கதை மனப்பாடம். ஆம், இல்லை என்று கட்டம் உள்ள எந்தப் படிவத்தையும் இன்றுவரை என் கையில் தருவதில்லை. போன வருஷம் மகள் கல்லூரி விடுதிக்கு விண்ணப்பம் எழுதினாள். நானும் ஆசையாகப் பேனாவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன்.

“நீங்க இங்கன கையெழுத்து மட்டும் போடுங்கப்பா” என்றாள். “உங்களைப் பத்துன விவரமெல்லாம் தாத்தாகிட்ட கேட்டு எழுதிட்டேன்.”