நேவி மாமா பிடித்த படகு

சண்டைக் காலத்தில் எதிரிப் படகைப் பிடித்த கடற்படை வீரர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். கல்யாணப் பெண், மேளக் கோஷ்டி, பதினேழு சீர்த்தட்டு என்று மொத்தமாக அள்ளிப் பிடித்த வீரர் இந்த உலகத்திலேயே ஒருத்தர்தான். ஈப்போவில் எங்கள் எதிர்வீட்டுக்காரர். அவர் பேர் என்னவென்று ஐசி அடையாள அட்டையைப் பார்த்தால்தான் தெரியும். தெருவுக்கே அவர் நேவி மாமா.

வயசு எண்பதைத் தாண்டியாச்சு. இன்னமும் காலை ஆறு மணிக்கு விசில் ஊதித் தெருவையே எழுப்புவார். நான் பசாரிலிருந்து வந்தால் போதும், கேட்டில் கையை நீட்டி நிறுத்துவார்.

"பையத் தொற."

"மாமா, நெத்திலியும் தேங்காயும்லா! ஆள விடுங்க."

விடுவாரா? தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்த பிறகுதான் வழி கிடைக்கும். நேவியை விட்டு வந்தபின் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஒருமுறை டிரைவரிடமே டிக்கெட் கேட்டாராம். நான் நம்புகிறேன்.

சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவரின் மகன் இவர். பத்தொன்பது வயசில் நேவியில் எடுத்துக்கொண்டார்கள். கிராணி வேலை மாதிரி நாற்காலி உத்தியோகம் என்று நினைத்து அவர் அப்பா தொழிலாளர் லயம் பூரா மிட்டாய் கொடுத்தார். பையனுக்கோ நீச்சலே தெரியாது. கப்பலேறிய முதல் வாரம் முழுக்க வாந்தி. "மலாக்கா நீரிணையில பாதி நான் ஊத்துனதுதான்" என்பார் மாமா.

அது இந்தோனேசியாவோடு மோதல் நடந்த காலம். எதிரி ஆட்கள் மீன்பிடிப் படகில் வந்து இறங்குகிறார்கள் என்று ஒரே பேச்சு. ஒரு வெள்ளிக்கிழமை காலை, லூமுட்டுக்கும் பங்கோர் தீவுக்கும் நடுவே ரோந்து போன மாமா கண்ணில் ஒரு படகு பட்டது. துணி சுற்றிய நீளமான சாமான் ஒன்று, உருண்டையாக இன்னொன்று. பீரங்கியும் வெடிகுண்டும் என்றே முடிவு கட்டிவிட்டார். கிட்டே போய்ப் பார்த்தால் நாதஸ்வரம், தவில்! பங்கோர் கோயிலில் கல்யாணம். பத்தரைக்கு மேல் ராகு காலம் என்பதால் அதற்குள் தாலி ஏறியாக வேண்டும்.

"கல்யாணக்காரங்கலா, விட்டுரு" என்றார் மலாய் ஆபிசர்.

ரோந்துப் படகில் ஒரே தமிழர் நம் மாமா. சொந்த சனம் என்று விட்டுவிட்டதாக நாளைக்கு யாராவது சொல்லிவிட்டால்? தட்டுத் தட்டாகத் திறந்தார். லட்டை ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தார். "தம்பி, நேரம் போவுதுய்யா!" என்று பெண்ணின் அப்பா கதறினார். "சட்டம்னா சட்டம்" என்றார் மாமா.

படகு கரை சேரும்போது மணி பதினொன்று. மாப்பிள்ளை வீட்டார் மூன்று படகும் பெரிய பங்களாவும் உள்ள பணக்காரர்கள். "நேவி புடிச்ச பொண்ணு எங்களுக்கு வேணாம்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார்கள். ராசியில்லாதவள் என்று பேராகி, அப்புறம் ஒருத்தரும் பெண் கேட்டு வரவில்லை.

சேதி தெரிந்து மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. லீவு கிடைத்ததும் மன்னிப்புக் கேட்க அவர்கள் லயத்துக்கே போனார். பெண்ணின் அப்பா பாராங் கத்தியோடு துரத்தினார். அடுத்த லீவிலும் போனார், அதற்கடுத்த லீவிலும் துரத்தல். நாலாவது லீவில் பாதி வழியிலேயே பெரியவருக்கு மூச்சு வாங்கிவிட்டது. "என்னால ஓட முடியலடா. நீயே அவளக் கட்டிக்க!"

அந்தப் பெண்தான் சரசு அத்தை.

"நான் புடிச்ச ஒரே எதிரிக் கப்பல்" என்று அத்தையைக் காட்டி மாமா பீற்றிக்கொள்ளாத நாளில்லை. ஆனால் எல்லாரும் சிரித்து முடித்ததும் அவர் குரல் இறங்கிவிடும். "பாவம், பங்களாவுல வாழ வேண்டியவ. நான் கெடுத்துட்டேன். இல்லியா சரசு?"

"வாய மூடுங்க, மீன் கருகுது" என்று அத்தை உள்ளே போய்விடுவார். அறுபது வருஷமாக அந்த வீட்டில் மீன் கருகிக்கொண்டே இருந்தது.

போன மாதம் மாமாவுக்கு நெஞ்சு ஆபரேஷன். நான்தான் காரில் கூட்டிப் போனேன். அத்தனை ஆட்டம் போட்ட மனுஷர் தள்ளுகட்டிலில் குழந்தை மாதிரி அத்தை கையைப் பிடித்துக்கொண்டார்.

"திரும்பி வருவேனோ மாட்டேனோ. இப்பவாச்சும் சொல்லு சரசு. ஒன் வாழ்க்கைய நான் கெடுத்துட்டேனா?"

அத்தை என்னைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார். இங்கே கருகுவதற்கு மீன் இல்லை.

"பதினேழு தட்டையும் பாத்துட்டு, பத்து மணிக்கே போலாம்னு விட்டீங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"பின்ன ஏன் திரும்பவும் நிறுத்துனீங்க?"

"அரிசி மூட்டைக்கு அடியிலயும் ஏதோ இருக்குன்னு பின்னாலேருந்து யாரோ மெதுவா சொன்னாங்க..."

"யாரோ இல்ல. நான்தான்."

மாமா வாயைப் பிளந்தார்.

"அந்த மாப்பிள்ளைய எனக்குப் புடிக்கல. அப்பாகிட்ட சொல்ல முடியுமா? நீங்க லட்டு ஒடைக்கிற லட்சணத்தப் பாத்தேன். மூட்டையக் காட்டுனா எப்படியும் பதினொன்னு ஆக்கிருவீங்கன்னு தெரிஞ்சிருச்சு."

"அடிப்பாவி! இத்தன வருசமா ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா, இப்படி பயந்து பயந்து என்னய நல்லா பாத்துட்டு இருந்திருப்பீங்களா?"

மாமா சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! "அங்கிள், பிரஷர் ஏறுது" என்று நர்ஸ் கத்தக் கத்தச் சிரித்தார். கதவு மூடிய பிறகும் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. வெளியே நானும் அத்தையும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம்.

நல்லபடியாகப் பிழைத்து வந்துவிட்டார், புண்ணியவான். அவர் இல்லாத தெருவில் எனக்குக் குடியிருக்கத் தெரியாது.