எனக்கு ஏழு வயதான கதை

இனிமேல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னுடையது என்று முடிவு செய்தேன். காய்கறி வாங்கப் போக மாட்டேன். துணி மடிக்க மாட்டேன். யார் வீட்டு விசேஷத்துக்கும் தலை காட்ட மாட்டேன். சோபாவில் சாய்ந்து, காலை நீட்டி, டிவியில் கார் ரேஸ் ஓட்டுவேன். அதற்காகத்தான் அந்த வீடியோ கேம் பெட்டியையே வாங்கினேன்.

நான் லிஃப்ட் கம்பெனியில் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் போன் செய்வார்கள். "உங்கள் புகார் எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவேன். எங்கள் மேனேஜருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் பூகம்பம். அவர் மேஜையைத் தட்டினால் மூன்று மேஜை தள்ளி என் டீ சிந்தும்.

அந்தப் பூகம்பம்தான் கேன்டீனில் அறிவித்தார். ஞாயிறு தோறும் ஆபீஸ் ஆண்களுக்கு ரேஸ். அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடி, தலையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஆடலாம். நிபந்தனை ஒன்றே ஒன்று.

"பொண்டாட்டிகிட்ட அனுமதி வாங்கி ஆடறவனுக்கு டீம்ல இடம் கிடையாது!"

டீ சிந்தியது. நான்தான் முதலில் கை தூக்கினேன். "சார், எங்க வீட்ல நான் வெச்சதுதான் சட்டம்." ஸ்டோர்கீப்பர் கை தூக்கினார். கேஷியர் இரண்டு கையையும் தூக்கினார். இந்த வாக்கை நான் காப்பாற்றியாக வேண்டும், இல்லையென்றால் அந்த கேன்டீனில் மறுபடி நான் டீ குடிக்க முடியாது.

சனி முடிந்து ஞாயிறு வரட்டும் என்று காத்திருக்காமல் திங்கட்கிழமையே பெட்டியைத் திறந்தேன்.

புத்தம் புதுப் பெட்டி. ஆன் செய்ததும் 'புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன், காத்திருக்கவும்' என்றது. அட, இப்போதுதானே பிறந்தாய்! அதற்குள் உனக்கு என்ன பழசாகிவிட்டது? நான் சாப்பிட்டேன். பாத்திரம் கழுவினேன். (அன்றைக்கு என் முறை. சட்டம் வேறு, பாத்திரம் வேறு.) இன்னும் புதுப்பித்துக்கொண்டிருந்தது. ஒருவழியாக முடித்துவிட்டு பாஸ்வேர்ட் கேட்டது. என் பெயரைப் போட்டேன். 'மிகவும் பலவீனம்' என்றது. கூடவே மனைவி பெயரைச் சேர்த்தேன். 'பலம்' என்றது. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

அதற்கப்புறம் கேள்வி மேல் கேள்வி. எந்த ஊர், எந்த மொழி, எத்தனை பேர், இதற்குச் சம்மதமா, அதற்குச் சம்மதமா. என் கல்யாணத்தில் கூட என்னை யாரும் இத்தனை தடவை சம்மதம் கேட்கவில்லை. எரிச்சல் தலைக்கேறியது.

"இந்தா, இந்த குமாஸ்தா வேலையெல்லாம் நீ பாரு," என்று ரிமோட்டை மனைவி கையில் திணித்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

என் மனைவி பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பில் இருப்பவள். அலறிக்கொண்டு வருகிறவர்களைச் சிரித்த முகத்தோடு உட்கார வைத்து ஃபாரம் நிரப்புவதுதான் அவள் தொழில். எதையும் கேட்காமல் எழுத மாட்டாள். தலையில் ஷாம்பு போட்டுக் கண்ணை மூடியிருந்தபோது பாத்ரூம் கதவுக்கு வெளியே குரல் வந்தது.

"ஏங்க! வீட்ல பொறுப்பான பெரியவங்க யாருன்னு கேக்குதுங்க!"

"உன் பேரையே போட்டுத் தொலை!"

"அப்ப உங்களை என்னன்னு போடறது?"

"மிச்சம் என்ன இருக்கோ அதைப் போடு!"

"வயசு கேக்குது!"

"வாய்க்கு வந்ததைப் போடுடி! கண்ணெல்லாம் எரியுது!"

துண்டோடு வெளியே வந்தேன். பெட்டி தயார். 'வருக!' என்று டிவி முழுக்க வண்ண வண்ண எழுத்து. ரேஸ் காரைத் தேடினேன். கார் மேல் பெரிய பூட்டுப் படம். அழுத்தினேன். ஒரு கரடிக்குட்டி வந்து விரலை ஆட்டியது. 'இது உன் வயதுக்கு ஏற்றதல்ல, செல்லமே!' என்றது.

செல்லமேயா? எனக்கு நாற்பத்து மூன்று வயது! பின்மண்டையில் முடி கொட்டி, முன்மண்டையில் கொட்டுவதற்கு ஒன்றும் பாக்கியில்லாமல் நிற்கிறேன். என்னைப் பார்த்து ஒரு கரடி செல்லமே என்கிறது!

"என்னடி பண்ணி வெச்சிருக்கே?"

"நீங்க சொன்னதைத்தான் போட்டேன். பெரியவங்கன்னு என்னைப் போட்டேன். மிச்சம் இருந்தது ‘குழந்தை’ மட்டும்தாங்க."

"வயசு?"

"ஏழு. வாய்க்கு வந்ததைப் போடச் சொன்னீங்களே."

சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். கிளினிக்கில் பல் பிடுங்கிக்கொண்டவர்களுக்குக் காட்டுகிற அதே முகபாவம்.

"உங்களுக்கு முயல் கேம் திறந்திருக்குங்க. கேரட் பொறுக்கணும். நல்லாருக்கு பாருங்க."

வேறு வழியில்லாமல் கேரட் பொறுக்கினேன். கொஞ்ச நேரத்தில் முயல் தூங்கிவிட்டது. 'இன்றைய நேரம் முடிந்தது. இன்னும் விளையாட வேண்டுமா? அம்மாவையோ அப்பாவையோ கேள்' என்றது கரடி.

மறுநாள் ஆபீசிலிருந்து பெட்டிக் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். யார் காதிலும் விழக்கூடாது என்று ஸ்டோர் ரூமுக்குள் போய், பழைய லிஃப்ட் கதவுக்குப் பின்னால் நின்று பேசினேன்.

"மேடம், என் பெட்டில ஒரு குழந்தையைப் பெரியவரா மாத்தணும்."

"குழந்தையோட பாதுகாவலரா பேசறீங்களா சார்?"

"இல்ல. குழந்தை பேசறேன்."

அவள் குரல் சட்டென்று குழைந்தது. "கண்ணா, அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"அம்மா இல்ல மேடம், பொண்டாட்டி!"

"சார், எங்க ஸ்க்ரீன்ல வயசு ஏழுன்னு காட்டுது."

"எனக்கு நாப்பத்து மூணு!"

"ஏழுன்னுதான் சார் காட்டுது. பதினெட்டு ஆனதும் பூட்டு தானாவே திறந்துடும். அதுவரைக்கும் காத்திருக்கும்படி கேட்டுக்கறோம். உங்கள் புகார் எங்களுக்கு மிகவும் முக்கியம்."

டக்கென்று வைத்துவிட்டாள். டீ குடிக்கப் போயிருப்பாள்.

வெளியே வந்தால் எதிரே பூகம்பம். "என்னய்யா, பெட்டி ரெடியா? ரேஸுக்குப் பயிற்சி எடுக்கறியா?"

"விடிய விடிய ஓட்டறேன் சார்," என்றேன். கேரட் என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினேன்.

புதன்கிழமை, சமாதானமாகப் போகலாம் என்று முடிவெடுத்தேன். கேட்காமலே சமையலறைக் குழாயைச் சரி செய்தேன். ஆறு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. நான் கை வைத்ததும் சொட்டுவதை நிறுத்திவிட்டுப் பீய்ச்சியது. நான் நனைந்து, மிக்ஸி நனைந்து, கடைசியில் அவள் வந்து மெயின் வால்வை மூடினாள். அந்த முயற்சிக்காகக் கூடுதலாக அரை மணி நேரம் முயல் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை அவளே சொன்னாள். "ஏங்க, ஞாயித்துக்கிழமை ரேஸ்னு சொன்னீங்கல்ல? கேளுங்க, ஒரு மணி நேரம் திறந்து விடறேன். போன்ல ஒரு தட்டு தட்டினா போதும்."

"கேக்கறதா? நானா? அனுமதியா?" எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "வாராவாரம் உன்கிட்ட வந்து கையேந்தி நிக்கணுமா? ஆபீஸ்ல தெரிஞ்சா என்னைக் காறித் துப்புவாங்க!"

"சரி, உங்க இஷ்டம்," என்று வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

எல்லாம் அவள் போனில்தான் இருக்கிறது. போன் திறக்க அவள் முகம் வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அசந்து படுத்திருந்தாள். பூனை நடை போட்டுப் போய், போனை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். திறக்கவில்லை. கண் திறந்திருக்க வேண்டுமாம்! நான் கல்யாணத்துக்கு முன்பு எந்தப் பெண்ணையும் இவ்வளவு நேரம் உற்றுப் பார்த்ததில்லை. கை வலித்தது. வேறு யோசனை வரவில்லை.

"கரப்பான் பூச்சி!" என்று கத்தினேன்.

கண் திறந்தாள். போனும் திறந்தது.

"எங்கேங்க?"

"அதோ, அந்தப் பக்கமா..."

"என் போனை எடுத்துக்கிட்டா வந்துச்சு?"

கையும் போனுமாகப் பிடிபட்டேன். இனிமேல் மானமாவது மரியாதையாவது! கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். கேன்டீன், பூகம்பம், கை தூக்கியது, ஸ்டோர் ரூமில் கண்ணா என்று கூப்பிட்டது.

"நாளைக்கு நான் குழந்தைன்னு தெரிஞ்சா, திங்கட்கிழமை நான் ஆபீஸ் படியேற முடியாதும்மா. நிரந்தரமா என்னைப் பெரியவனா மாத்திடு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் யோசித்தாள். "பெரியவங்கன்னா பொறுப்பு இருக்குங்க. பெரியவங்க பண்ற வேலையெல்லாம் பண்ணணும். அப்புறம் முகத்தைச் சுளிக்கக் கூடாது."

"ஆயிரம் தடவை சம்மதம்!"

டப்பென்று ஒரு தட்டு. கரடி கையசைத்துவிட்டுப் போனது. ரேஸ் காரின் பூட்டு திறந்தது. என்னால் நம்பவே முடியவில்லை. ஒரு வாரமாக நான் பட்ட பாட்டுக்கு, இவ்வளவு சுலபமாக விட்டுக் கொடுத்துவிட்டாளே! பாவம், நல்லவள்தான், நான்தான் தப்பாக நினைத்துவிட்டேன் என்று உருகிப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சோபா. நீட்டிய கால். தலையில் ஹெட்செட். காதுக்குள் பூகம்பம் கர்ஜித்தார். "எல்லாரும் வந்தாச்சா? யாராவது வீட்ல கேட்டுட்டு வந்திருக்கீங்களா?"

"நானா சார்? சான்ஸே இல்ல!" என்றேன். ஸ்டோர்கீப்பரும் கேஷியரும் கூட அதையே சொன்னார்கள். திரையில் கார்கள் வரிசை கட்டி உறுமின. சிவப்பு விளக்கு. மஞ்சள் விளக்கு.

டிவிக்கு முன்னால் என் மனைவி வந்து நின்றாள்.

"ஏங்க, சட்டையை மாட்டுங்க. கீழே மீட்டிங் ஆரம்பிச்சுட்டாங்க."

"என்ன மீட்டிங்?"

"நம்ம பில்டிங் மீட்டிங். வீட்டுக்கு ஒரு பெரியவர் கண்டிப்பா வரணும்னு வாட்ச்மேன் வந்து சொல்லிட்டுப் போறாரு."

"மாசாமாசம் நீதானே போவே!"

"இத்தனை மாசமா நான் போனேன். இந்தத் தடவை பெரியவங்க வேலை உங்களுது. நேத்து ஆயிரம் தடவை சம்மதம்னீங்க."

அந்த மீட்டிங் பற்றி எனக்குத் தெரியும். எங்கள் பில்டிங்கில் லிஃப்ட் ஓடாமல் கிடக்கிறது. ஆறாவது மாடி மூட்டுவலிக்காரர் முதல் பால் பாக்கெட் போடுகிறவர் வரை எல்லாரும் கொதித்துப் போயிருக்கிறார்கள். லிஃப்ட் எங்கள் கம்பெனியுடையது. புகாரை வாங்கி வைத்திருப்பது நான்.

"ஐயோ, அடிச்சே கொன்னுடுவாங்கடி! ரேஸ் வேற தொடங்கப் போகுது! நீயே போயிட்டு வா, உன் காலைப் பிடிச்சுக்கறேன்!"

"நீங்க குழந்தையா இருந்திருந்தா நானே போயிருப்பேங்க," என்றாள், குரலில் உண்மையான வருத்தத்தோடு. "விளையாடற புள்ளையை எழுப்பிக் கூட்டிட்டுப் போக மனசு வருமா? நீங்கதானே பெரியவர் ஆகணும்னு ஒத்தக் கால்ல நின்னீங்க?"

பச்சை விளக்கு எரிந்தது. எல்லாக் கார்களும் பறந்தன. என் கார் மட்டும் நின்ற இடத்தில் நின்றது. எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது.

"அப்படின்னா என்னை மறுபடி குழந்தையா மாத்திடு!" என்று அலறினேன். "ஏழு வயசு கூட வேண்டாம், அஞ்சு போடு! கேரட் பொறுக்கறேன்! ஒவ்வொரு வாரமும் உன்கிட்ட கேட்டுட்டுத்தான் ஆடுவேன்! சத்தியம்!"

அப்போதுதான் உறைத்தது. ஹெட்செட்டின் மைக் என் வாய்க்கு நேரே இருந்தது.

காதுக்குள் கார்ச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. எல்லாரும் வண்டியை ஓரம் கட்டிவிட்டார்கள். அவ்வளவுதான், என் கதை முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏம்ப்பா..." பூகம்பத்தின் குரல். மேஜையைத் தட்டுகிற குரல் இல்லை. யாரோ பக்கத்து அறையில் தூங்குவது போலக் கிசுகிசுத்தார். "நீ பெரியவர் ஆயிட்டியா? எப்படிய்யா ஆனே?"

"சார்?"

"எனக்கு இன்னும் ஆறுதான்யா. இன்னிக்கு ஜன்னல் பூரா துடைச்சப்புறம்தான் இந்த ஒரு மணி நேரமே கிடைச்சுது."

"எனக்கு ஒன்பது சார்," என்றார் ஸ்டோர்கீப்பர்.

கேஷியர் மூக்கை உறிஞ்சினார். "எனக்கு நாலு."

என் மனைவி சட்டையை என் மடியில் வைத்தாள். என் தலையிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றித் தன் காதில் மாட்டிக்கொண்டாள்.

"நீங்க சண்டை போடாம விளையாடுங்க பசங்களா," என்றாள். "அங்கிள் மீட்டிங்குக்குப் போறாரு."