பேராசிரியர் கரைந்த கதை

சத்துணவியல் பேராசிரியருக்கு எதையும் நிறுக்காமல் வாயில் வைக்கும் வழக்கமில்லை. ரொட்டித் துண்டுகூடச் சமையலறைத் தராசில் ஏறி இறங்கிய பிறகே அவர் தட்டுக்கு வரும். இப்போது தம் உடம்பையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டதால், சிறுநீரையும் சொட்டு விடாமல் குளியலறைக் கேனில் சேர்த்து ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனார்.

வளர்ந்து முடிந்த உடம்பில், உணவின் புரதத்தோடு உள்ளே போகும் நைட்ரஜனும் கழிவோடு வெளியேறும் நைட்ரஜனும் சமமாக இருக்கும். ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்லிவந்த இந்தப் பாடத்தைத் தம்மிலேயே மெய்ப்பித்துக் காட்ட அவருக்கு ஆசை.

தொடக்கத்திலேயே ஒரு விபத்து. உடன் வசித்த மாமனார் கால் இடறிக் கேனைச் சாய்த்துவிட்டார். பாதி தரையோடு போயிற்று.

"பார்த்து நடக்கக் கூடாதா மாமா? இப்ப அளவு குறைஞ்சுபோச்சே. இதை யார் ஈடு கட்டுறது?" என்றார் பேராசிரியர்.

மாமனார் துணி எடுத்துவந்து தரையைத் துடைத்தார்.

அதன் பிறகு தொல்லை தலைகீழானது. உள்ளே போவதைவிட வெளியே வரும் நைட்ரஜன் மிகுந்தது. பாடத்தின்படி இதற்கு ஒரே பொருள்தான்: உடம்பு தன் தசையையே கரைத்துக்கொண்டிருக்கிறது.

"நான் கரைஞ்சுக்கிட்டே வர்றேன்," என்று மனைவியிடம் சொன்னார்.

"எந்தப் பக்கமா? என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே."

எடையும் குறையவில்லை. எனவே எடைக்கருவியைச் சந்தேகித்துப் புதிதாக ஒன்று வாங்கினார். அதுவும் பழையதன் பக்கமே பேசியது.

கரைந்த தசையை மீட்க முட்டையைக் கூட்டினார். கணவருக்கு வைத்துவிட்டு அப்பாவைச் சும்மா பார்க்கவைக்க மனமில்லாமல், மனைவி அவருக்கும் அதே அளவு அவித்து வைத்தாள். நைட்ரஜன் இன்னும் ஏறியது. இறைச்சி சேர்ந்தது; நைட்ரஜன் அதற்கும் மேலே போயிற்று. கேன் போதாமல் பெரிய கேன் வந்தது. சட்டைப் பொத்தான் மாட்ட மறுத்தபோது, அது வீக்கம் என்று முடிவு கட்டினார்.

கடைசியில் மருத்துவமனையில் சேரத் துணிமணிகளை எடுத்துவைத்தார். அதுவரை கேலி செய்துவந்த மனைவி பெட்டியைப் பார்த்ததும் அழுதுவிட்டாள்.

வாசல்வரை வந்தவருக்கு ஒன்று உறுத்தியது. திரும்பிப்போய் மாமனாரின் கையைப் பற்றிக்கொண்டார்.

"அன்னிக்கு ஒரு கேனுக்காக உங்களைக் கடுமையாப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க மாமா."

முதியவருக்குக் கண் கலங்கியது.

"தப்பு என்னோடதுதானே மாப்பிள்ளை. அதான் சிந்தினதை ஈடு கட்டணும்னு, அன்னையிலேருந்து ஒரு வேளைகூட நான் வேற எங்கயும் போகாம, எல்லாத்தையும் உங்க கேன்லயே சேர்த்துக்கிட்டு வர்றேன்."