சத்தமில்லாத மோட்டார்

தாணுலிங்கம் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். தண்ணீர் நிற்கவில்லை.

மறுபடியும் அழுத்தினார். பச்சையை ஒருமுறை அழுத்திவிட்டுச் சிவப்பை அழுத்தினார். பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். வீட்டில் டிவி ரிமோட்டை அவர் இப்படித்தான் வழிக்குக் கொண்டுவருவார். இது வரவில்லை. ஆழ்துளைப் போர்க் குழாயின் வாயிலிருந்து உப்புத் தண்ணீர் முழங்கை தடிமனுக்கு மேல்பாத்தியில் விழுந்துகொண்டே இருந்தது.

முப்பத்தோரு நாளாக இந்தச் சோலார் பம்பு சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது. பச்சை என்றால் வந்தது, சிவப்பு என்றால் நின்றது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் வீட்டில் அவருக்கு அப்படி ஒரு அனுபவம் வாய்த்ததில்லை.

"சம்முகத்தாய், மேல்பாத்தி இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும்?"

உப்பு வாருகிற பெண்களுக்குத் தலைமை சண்முகத்தாய். அவள் வரப்பில் நின்று எட்டிப் பார்த்தாள். "உச்சிப்பொழுது வரைக்கும் தாங்கும் அண்ணாச்சி. அதுக்கப்புறம் வரப்பு தாண்டிரும்."

வரப்பு தாண்டினால் கீழே எட்டு உப்புப் பாத்திகள். எட்டிலும் உப்பு விளைந்து, கல் கல்லாகக் கட்டி, நாளைக் காலை வாருகிற பதத்தில் கிடந்தது. போர்த் தண்ணீர் கரிக்கத்தான் செய்யும். ஆனால் விளைந்த பாத்திக்கு அது குடிதண்ணீர் மாதிரி. உள்ளே இறங்கினால் உப்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு போய்விடும். ஆடிக் காற்றும் வெயிலும் ஒரு மாசம் பாடுபட்டது ஒரு மணி நேரத்தில் ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். ஐப்பசி மழைக்கு முன்னால் இன்னொரு முறை இந்த அளவுக்கு விளையாது.

அவர் கம்பெனிக்குப் போன் போட்டார். ஒரு பெண் குரல், "உங்க பேருல ஒரு வேலை பாக்கி காட்டுது சார். ஆள் கிளம்பியாச்சு. பக்கத்துல புதுக்கோட்டை பாலம் தாண்டிட்டாங்க," என்றது.

நான் சொல்வதற்கு முன்னாலேயே ஆள் கிளம்பியாச்சா என்று தாணுலிங்கம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. அடுத்த உப்பளத்திலிருந்து மச்சினன் லிங்கராஜ் மொபெட்டில் வந்துகொண்டிருந்தான். அவன் முகத்தில் கல்யாண வீட்டுச் சிரிப்பு.

"என்ன அத்தான், சூரிய பகவான் ஓவர்டைம் பாக்காரா?"

"வால்வு எங்கயோ மாட்டியிருக்கு. போலே, உன் சோலியப் பாரு."

லிங்கராஜ் போகவில்லை. அவனுக்கு இதுதான் சோலி. ஒரு மாசமாக ரெக்சன் டீக்கடையில் இரண்டு பேருக்கும் நடந்த சண்டை சாயர்புரம் வரைக்கும் பிரசித்தம். தாணுலிங்கம் இருபத்திரண்டு வருஷம் ஓடிய டீசல் எஞ்சினைப் பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடைக்குத் தூக்கிப் போட்டுவிட்டுச் சோலார் வாங்கிய நாளில் ஆரம்பித்தது அது.

"வளைகுடாவுல எவனாவது தும்முனா உன் எஞ்சினுக்குக் காய்ச்சல் வருது. எவனோ ஒரு நாட்டுக்காரன் கப்பலை மறிச்சா முள்ளக்காட்டுல நான் ஏம்லே அழணும்?" என்பார் தாணுலிங்கம்.

"உங்க சூரியன் ஆறு மணிக்கு டூட்டி முடிச்சுட்டுப் போயிருவான் அத்தான். ஐப்பசியில மெடிக்கல் லீவு. என் எஞ்சின் கூப்பிட்ட நேரத்துக்கு வரும்," என்பான் லிங்கராஜ்.

"வரும். புகையோட வரும். சத்தத்தோட வரும். நம்ம அளத்துல வந்து பாரு, சத்தம் கேக்கா? அதாம்லே சோலார்!"

அது உண்மைதான். சத்தமே இல்லை. மோட்டார் போருக்குள் இருநூறு அடி ஆழத்தில் கிடக்கும், காது வைத்தாலும் கேட்காது என்று கம்பெனிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அவர்கள் வந்து பேனல் நிறுத்தி, குழாய் இறக்கி, பெட்டி மாட்டிய காலையில் தாணுலிங்கம் பூஜைக்குப் பூவும் தேங்காயும் வாங்கப் பஜாருக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது ஆட்கள் இல்லை. பத்தரைக்கு நல்ல நேரம் முடிகிறது. கம்பெனிக்காரனுக்காக எமகண்டம் காத்திருக்குமா? சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, அவரே பச்சையை அழுத்தினார். தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு யார் கம்பெனியைத் தேடுவார்கள்?

அன்றைக்குச் சண்முகத்தாய் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அண்ணாச்சி, பழைய எஞ்சினுக்கு ஆடிக்கு ஆடி ஒரு சேவல் அறுத்தோம். அதை விக்கும்போது ஒரு வார்த்த சொல்லிட்டு வித்தீங்களா? இதுக்கு என்ன குடுக்கப் போறீங்க?"

"இது சைவம்," என்று சொல்லிவிட்டார் தாணுலிங்கம்.

இப்போது லிங்கராஜ் குழாயைச் சுற்றி ஒரு நடை நடந்தான். "டீசல் குடிக்கிறவன்னா டீசலை நிறுத்தி மடக்கலாம். வெயிலைக் குடிக்கிறவனை எப்படி அத்தான் மடக்குவீங்க?"

அவன் கேலிக்குத்தான் கேட்டான். தாணுலிங்கம் அதைப் பிடித்துக்கொண்டார். உப்புக் குவியலை மூடும் கறுப்புத் தார்ப்பாயை நாலு பெண்கள் இழுத்துவந்து பேனல்கள் மேல் போட்டார்கள். ஓரத்தில் கல் வைத்தார்கள். ஊசி முனை அளவு வெயில் உள்ளே போகாது.

தண்ணீர் ஒரு விநாடி தயங்கியது. பிறகு இரண்டு மடங்காக வந்தது.

சண்முகத்தாய் குழாய் வாயில் கை வைத்துவிட்டுச் சுட்டது போல எடுத்தாள். "ஐஸு மாதிரி இருக்கு."

"ஆழத்துத் தண்ணி, அப்படித்தான் இருக்கும்," என்றார் தாணுலிங்கம். ஆழத்துத் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்து, சாக்கைச் சுருட்டிக் குழாய்க்குள் திணித்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள். மூன்று எண்ணுவதற்குள் சாக்கு பறந்து போய் லிங்கராஜின் மார்பில் அறைந்தது. அவன் மேல்பாத்திக்குள் உட்கார்ந்தான். பெண்கள் சிரித்திருக்க வேண்டும். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

எழுந்து வந்தவன் வேட்டியைப் பிழிந்தான். "சரி அத்தான். இது நம்ம சண்டையில்ல இப்ப. உப்பு போகுது. என் எஞ்சினைக் கொண்டாரேன். மேல்பாத்தித் தண்ணியை ஓடைக்கு இறைச்சிருவோம்."

தாணுலிங்கத்துக்கு அது கௌரவப் பிரச்சினை. அவர் எட்டுப் பாத்திகளையும் ஒருமுறை பார்த்தார். "கொண்டா," என்றார்.

எஞ்சின் வந்தது. கிளம்பியது. கரும்புகை கக்கியது. மேல்பாத்தியில் தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கியது.

"பாத்தீங்களா? டீசல்!" என்று லிங்கராஜ் கத்தினான்.

குழாயிலிருந்து தண்ணீர் இன்னும் பெரிதாக வந்தது. இறங்கிய விரற்கடை ஏறியது. லிங்கராஜ் எஞ்சின் வேகத்தைக் கூட்டினான். குழாயும் கூட்டியது. அவன் இன்னும் கூட்டினான். அதுவும் விடவில்லை.

"பாரு மாப்ள! மூடி வச்சும் விட்டுக்குடுக்குதான்னு பாரு!" என்று தாணுலிங்கம் தொடையைத் தட்டினார்.

பிறகுதான் தன் உப்பு கரையப் போகிறது என்ற நினைப்பு அவருக்கு வந்தது. சண்முகத்தாய் அவரைப் பார்த்த பார்வையில் மரியாதை குறைவாக இருந்தது.

எஞ்சின் இரண்டு இருமல் இருமி நின்றது.

"என்னலே?"

"டீசல் தீந்துட்டு."

"கூப்பிட்ட நேரத்துக்கு வரும்னு சொன்னியே?"

லிங்கராஜ் தரையைப் பார்த்தான். "இருக்கிற விலைக்கு முழு டேங்க் யாரு அத்தான் ஊத்துவா? ரெண்டு ரெண்டு லிட்டராத்தான் வாங்குதேன்."

வேறொரு நாளாக இருந்தால் இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத் தாணுலிங்கம் ஒரு வருஷம் டீக்கடையில் ஓட்டியிருப்பார். இப்போது அவர் காற்றைக் கவனித்தார். எஞ்சின் நின்றதும் கூடவே காற்றும் நின்றுவிட்டது. ஆடி மாசத்தில் இந்தக் கடற்கரையில் காற்று நின்று அவர் பார்த்ததில்லை. தூரத்தில் துறைமுகத்துப் பக்கம் காற்றாலை இறக்கைகள் அப்படி அப்படியே நின்றன. அனல் மின் நிலையத்துப் புகை நட்டுவைத்த கம்பு மாதிரி நேராக மேலே போனது. உச்சி வெயில். நின்றவர்களின் நிழல் அவரவர் காலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை.

அந்த அமைதியில் குழாய் பேசியது.

தண்ணீர் சீராக வரவில்லை. துள்ளித் துள்ளி வந்தது. மூன்று துள்ளல், ஒரு விடுதல். மூன்று துள்ளல், ஒரு விடுதல்.

டுப், டுப், டுப். சும்மா. டுப், டுப், டுப். சும்மா.

ஆக்கர் கடைக்குப் போன பழைய எஞ்சின் இருபத்திரண்டு வருஷமும் அப்படித்தான் ஓடியது. நாலாவது அடியை விழுங்கும். எத்தனை மெக்கானிக் பார்த்தும் அது சரியாகவில்லை.

"அண்ணாச்சி," என்றாள் சண்முகத்தாய், மெதுவாக. "எல்லாரும் வரப்பை விட்டு இறங்கிருவோமா?"

"வாயில காத்து அடைச்சா அப்படித்தான் துள்ளும்," என்றார் தாணுலிங்கம். சொல்லிக்கொண்டே அவர்தான் முதலில் வரப்பை விட்டு இறங்கினார்.

தண்ணீர் வரப்பைத் தாண்டியது. அவசரமே இல்லாமல், வீட்டுக்காரன் மாதிரி, முதல் பாத்திக்குள் இறங்கியது. வெள்ளை சாம்பல் நிறமானது. மண்வெட்டியால் சேற்றை வெட்டி வெட்டி அணை போட்டார்கள். அது அணையைச் சுற்றிக்கொண்டு இரண்டாவது பாத்திக்குப் போனது.

லிங்கராஜின் முகம் வெளுத்திருந்தது. "அத்தான், இது ரோசப்படுது. நம்ம ரெண்டு பேரும் ஒரு மாசமா ஏசினதைக் கேட்டுக்கிட்டுக் கிடந்திருக்கு. நீங்க தோத்ததா ஒத்துக்கிடுங்க. நிக்கும்."

"நான் எதுக்குலே?"

"உப்பு வேணுமா வேண்டாமா?"

தாணுலிங்கம் துண்டை இடுப்பில் கட்டினார். குழாய் முன்னால் நின்றார். ஐம்பத்தைந்து வயதில், பதினோரு பெண்கள் பார்க்க, ஒரு குழாயிடம், "சோலார் தோத்துட்டு. டீசல்தான் பெருசு. எஞ்சினை நான் வித்தது தப்பு," என்றார்.

டுப், டுப், டுப். சும்மா.

"நீ சொல்லுலே!"

லிங்கராஜ் கைகூப்பினான். "டீசலும் தோத்துட்டு. நாளைக்கே நானும் சோலார் போடுதேன். சத்தியமா."

டுப், டுப், டுப். சும்மா. மூன்றாவது பாத்தி போனது.

யார் ஜெயித்தாலும் அதற்குக் கவலையில்லை என்பது இரண்டு பேருக்கும் அப்போது ஒரே நேரத்தில் புரிந்தது. ஒரு மாசத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

ரோட்டில் ஹாரன் சத்தம் கேட்டது. ஒரு லோடு ஆட்டோ குலுங்கிக் குலுங்கி அளத்துப் பாதையில் இறங்கியது. பக்கத்து சீட்டில் கம்பெனிச் சட்டை போட்ட ஒரு பெண். மார்பில் விஜிலா என்று பெயர் குத்தியிருந்தது. தாணுலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் ஐந்து பாத்தி மிச்சம் இருக்கிறது. நிறுத்தத் தெரிந்த ஒரு ஆள் போதும்.

அவர் சேற்றுக் காலோடு ஓடினார். "வாங்கம்மா, வாங்க! மத்ததெல்லாம் அப்புறம் பேசுவோம். மொதல்ல அந்த மோட்டாரை நிறுத்துங்க!"

அந்தப் பெண் இறங்கி, துள்ளுகிற குழாயைப் பார்த்தாள். பிறகு ஆட்டோவில் கயிறு போட்டுக் கட்டியிருந்த, பிரிக்காத நீளப் பெட்டியைப் பார்த்தாள்.

"எந்த மோட்டார் சார்? ஸ்டாக் இல்லாம ஒரு மாசம் இழுத்துட்டு. உங்க மோட்டாரை இப்பத்தான் ஏத்திக்கிட்டு வாரேன்."