அங்கீகரிக்கப்பட்ட ஓட்டை

சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூடு கொஞ்சம் உப்பிவிடும். மறுபடி மருந்தடைத்துச் சுட வேண்டுமானால், அதை எஃகு அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இந்த விஷயத்தைப் பித்தளையின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடுவது தகாது என்று கருதிய எங்கள் மொன்டானா ஹாரோ க்ரீக் துப்பாக்கிச் சங்கத்தின் பாதுகாப்புக் குழு, சென்ற வசந்தத்தில் ஏழாம் விதியை இயற்றியருளியது. எவருடைய கூடானாலும் குழுவின் அளவுக் கட்டைக்குள் கச்சிதமாக உட்கார வேண்டும். ஆடினால் தள்ளுபடி.

கட்டை என்பது துளையிட்ட எஃகுத் துண்டு. தலைவர் மெர்ல் ஸ்டாட்லர் தம் பட்டறையில் தாமே கடைந்தது. துளைக்கு மாதிரி, அவருடைய மான் வேட்டைத் துப்பாக்கியில் சுட்ட கூடு. அது கையால் தள்ளி அடைக்கும் வகை. கூட்டின் கழுத்தை மட்டும் சுருக்கினால் போதும், உடம்பு உப்பியிருந்தாலும் அதே துப்பாக்கி வாங்கிக்கொள்ளும். முரண்டு பிடித்தால் உள்ளங்கையால் ஒரு தட்டு. மெர்ல் நாற்பது வருஷம் தட்டியவர். எங்கள் போட்டியிலோ தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகள்தான். இரண்டுக்கும் தோட்டா ஒரே ரகம்தான், ஆனால் உப்பிய கூட்டைத் தட்டி ஏற்ற இவற்றுக்கு உள்ளங்கை கிடையாது.

இதைச் சொன்ன ஒரே ஆள் டார்லீன் ஹோகன்சன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். மாநிலப் போட்டிக்கு எங்கள் சங்கம் ஒருவரைத்தான் அனுப்பலாம். அந்த இடத்துக்காக மூன்று வருஷம் பயிற்சி எடுத்தவர். கூட்டை முழுசாக அச்சுக்குள் விட்டுச் சுருக்குவார். அது குழுவின் கட்டைக்குள் கடகடவென்று ஆடியது.

"ஆடுது, டார்லீன்."

"உன் ஓட்டை பெருசு, மெர்ல்."

"இது அங்கீகரிக்கப்பட்ட ஓட்டை."

"என் துப்பாக்கியில நூறு தோட்டா ஒண்ணுகூடச் சிக்காம ஓடுது. வா, காட்டறேன்."

குழு தனியறையில் கூடி விவாதித்தது. விதிக்குப் புறம்பான கூட்டை மறுப்பேதுமின்றி ஏற்கும் துப்பாக்கி ஒழுக்கக் குறைவானது என்று கண்டு, துப்பாக்கியையும் தள்ளுபடி செய்தது. தீர்ப்பை வாசிக்கும்போது மட்டும் மெர்ல் அவரைத் திருமதி ஹோகன்சன் என்றார்.

நான் மூன்று பக்கத்துக்கு ஆட்சேபக் கடிதம் கொடுத்தேன். பெண்ணின் பல்கலைக்கழகப் படிப்பு வீண்போகவில்லை என்று பாராட்டிக் கோப்பில் வைத்தார்கள்.

ஜூன் மாதத்துக்குள் மெர்ல் ஆளுக்கொன்றாகக் கடைந்து கொடுத்த கட்டையைத் தோல் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வது வழக்கமாயிற்று. தேவாலயத்துக்குக்கூடப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒரு ஜோடி நிச்சயதார்த்தத்துக்கு மோதிரத்துக்குப் பதில் கட்டை மாற்றிக்கொண்டது.

மாநிலத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் போட்டி நாளில் பதினொரு பேர் வரிசையாகப் படுத்தார்கள். பதினொரு பேருடைய தோட்டாக் கூடும் கட்டைக்குள் கச்சிதம். சுடச் சொல்லி உத்தரவானது. பதினொரு துப்பாக்கியும் தோட்டாவைப் பாதி விழுங்கித் தொண்டையில் வைத்துக்கொண்டன. ஒரு வெடிச் சத்தம் இல்லை. வேலிக்கு வெளியே டார்லீன் பேருந்துச் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றார்.

மெர்ல் வேலியோரம் வந்து குரலைத் தாழ்த்தினார். "டார்லீன், உன் தோட்டா ஒரு பெட்டி குடேன்."

"ஆடுமே, மெர்ல்."

பதினொரு பூஜ்யமும் சமநிலை என்று அறிவித்துச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். மாநிலப் போட்டி இடம் மெர்லின் மைத்துனருக்கு விழுந்தது. அந்த வருஷம் சங்கத்தில் ஒரு விபத்தும் நடக்கவில்லை; நடப்பதற்கு ஒன்றும் வெடிக்கவில்லை. மாநிலக் கூட்டமைப்பு பாதுகாப்பு விருது அனுப்பிவைத்தது.

விருது விருந்தில் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினோம். ஆமாம், நானும்தான். கழுத்தில் கட்டை இல்லாதவர்களுக்குச் சாப்பாட்டு வரிசையில் இடமில்லை. வெறும் வயிற்றோடு எப்படி வாதாடுவது? வாசலோடு நிறுத்தப்பட்டிருந்த டார்லீன், நான் தட்டிய வேகத்தில் என் மார்பில் குதித்த கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்னுது ஆடுதே, பொண்ணு," என்றார்.